வீட்டோடு விலை பேசாதீர்கள், தங்கச்சி

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீடு செங்கோட்டையில் இருக்கிறது. போன மாசியில் அம்மா தவறிவிட்டார்கள். அப்பாவை என்னோடு கோவைக்கு அழைத்துப் போகிறேன். வீட்டை விலை பேசி முன்பணமும் வாங்கியாகிவிட்டது. ஆடி முடிவதற்குள் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும். பித்தளை, வெண்கல ஏனங்கள், ஒரு பெரிய உருளி, நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் ஒன்று, இரண்டு இரும்பு பீரோ, தையல் மெஷின், ஃப்ரிட்ஜ், அம்மாவின் சேலைகள் அறுபதுக்கு மேல், அதில் ஒன்பது பட்டு, கடைசிக் காலத்தில் அம்மாவுக்கு வாங்கிய வீல்சேர், தண்ணீர் மெத்தை, அப்பாவின் ஸ்கூட்டர் எல்லாம் இருக்கின்றன. ஒரு வியாபாரி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய், நாளைக்கே லாரி கொண்டு வாரேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா? உருளி விளிம்பில் 1105 என்று வெட்டியிருக்கிறது. தொள்ளாயிரம் வருடப் பழசு என்கிறான் என் மகன். அம்மாவின் சேலையை விற்பது பாவம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஒன்றும் புரியவில்லை. வழி சொல்லுங்கள்.
செங்கோட்டை வாசகி

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அந்த லாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தென்காசியில் இருபத்து மூன்று வருடமாகப் பழைய சாமான் வாங்கி விற்பதுதான் என் பிழைப்பு. 'வீட்டோடு' விலை பேசுவது எங்களுக்கு எவ்வளவு லாபம் என்று எனக்குத் தெரியும். சுற்றிப் பார்க்கும்போது வியாபாரி எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று பொருளில் கண் நிற்கும், மனசுக்குள் அதற்கு மட்டும் கணக்குப் போடுவார். மற்றதெல்லாம் அவருக்குச் சும்மா வருவது. உங்கள் பட்டியலைப் பார்த்தால் அவர் கண் நின்ற இடம் உருளியும், ஏனங்களும், பட்டுச் சேலைகளும்தான். எடை பார்க்காமல் நான் தொகை சொல்லக் கூடாது. ஆனாலும் பீரோ, பத்தாயம், மெஷின் எதற்கும் அந்த 45,000-இல் காலணா இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் அது தேவைப்படுகிற ஒரு ஆள் எங்கோ இருக்கிறார். அந்த ஆளிடம் போனால்தான் அதற்கு விலை. அவர் தெருமுனையில் இருக்கலாம், மலை தாண்டி ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் இருக்கலாம். ஆடி முடிய உங்களுக்கு நாள் இருக்கிறது, இதைச் செய்ய அது போதும்.

எதையும் வெளியே எடுப்பதற்கு முன் தேடிப் பாருங்கள். சேலை மடிப்பு, தலையணை உறை, பீரோ லாக்கருக்குப் பின்னால் இருக்கும் ரகசிய அறை, பத்தாயத்தின் அடிப்பலகை, சாமி படத்தின் பின் அட்டை, அரிசிப் பானை என்று ஒன்று விடாமல் பாருங்கள். இலஞ்சிப் பக்கம் ஒரு வீட்டில் நான் வாங்கிய மரப்பெட்டியின் அடித்தட்டில் நிலத்தின் மூலப்பத்திரமே இருந்தது. அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாப் பெட்டியும் திருப்பிக் கொடுக்கிறவன் கைக்கே போகும் என்று சொல்ல முடியாது. 2000 ரூபாய் நோட்டு ஏதாவது அகப்பட்டால் பதற வேண்டாம். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அதைப் புழக்கத்திலிருந்து எடுத்ததே தவிர, செல்லாது என்று அறிவிக்கவில்லை. ரிசர்வ் வங்கியின் திருவனந்தபுரம் அலுவலகத்திலோ சென்னையிலோ கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். 2016-இல் செல்லாமல் போன 500, 1000 நோட்டுக்கு வழியில்லை.

இனி ஏனங்கள். ஏமாற்று அதிகம் நடக்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டு முற்றத்தில் எல்லாவற்றையும் பரப்பி நான்கு குவியலாகப் பிரியுங்கள்: செம்பு, பித்தளை, வெண்கலம், எவர்சில்வர். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. வெள்ளீயம் விலை கூடிய உலோகம், அதனால் வெண்கலத்துக்குப் பித்தளையைவிட எப்போதும் கூடுதல் விலை. புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை மஞ்சளாகப் பளிச்சிடும், வெண்கலத்தில் கொஞ்சம் சிவப்போ சாம்பலோ தெரியும். விரல் கணுவால் விளிம்பைத் தட்டிப் பாருங்கள். வெண்கலம் கோயில் மணிபோல இழுத்து நிற்கும், பித்தளையில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். கீழே விழுந்து நெளிந்த ஏனம் பித்தளையாக இருக்கும், வெண்கலம் விழுந்தால் கீறல்விட்டு உடையும். செம்பு, பித்தளை, வெண்கலம் மூன்றையும் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டு, "எல்லாம் பித்தளைதானம்மா" என்று ஒரே விலை போடுவதுதான் பழைய வித்தை.

அம்மா ரசம் வைத்த ஈயச் செம்பு இருக்குமே, அதைத் தனியாக எடுத்து வையுங்கள். பேரில் ஈயம் என்று இருப்பதால் காரீயக் கணக்கில் சில்லறைக் காசு நீட்டுவார்கள். நல்ல ஈயச் செம்பு வெள்ளீயத்தில் அடித்தது. ஒன்றும் ஊற்றாமல் ஈயச் செம்பை அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, அது 232 டிகிரியிலேயே உருகும் உலோகம் என்பதால்தான். இன்று பாத்திரக் கடையில் புது ஈயச் செம்பு என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்து பேரம் பேசுங்கள். என்னைக் கேட்டால் அதை விற்கவே வேண்டாம், கோவைக்கு எடுத்துப் போய் ரசம் வையுங்கள்.

எடை போடும்போது என் கடைத் தராசு உட்பட எந்தத் தராசையும் சோதிக்காமல் ஏற்காதீர்கள். வியாபாரத் தராசில் உரிய காலத்துக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை ஏற வேண்டும். அது இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பது தப்பில்லை. வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காலிக் குடத்தை முதலில் நிறுத்துவிட்டு, அளந்து பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி மறுபடி நிறுங்கள். பத்துக் கிலோ கூடவில்லை என்றால் தராசில் கோளாறு. கையில் தூக்கிப் பிடிக்கும் தொங்கு தராசு என்றால் கட்டாயம் இதைச் செய்யுங்கள். எடையும் விலையும் எழுதிய துண்டுச்சீட்டைப் பொருள் வீட்டில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

இப்போது அந்த 1105. உங்கள் மகன் கெட்டிக்காரன், எண்ணைச் சரியாகப் பார்த்திருக்கிறான். ஆனால் அது கொல்லம் ஆண்டு, மலையாளத்தார் ஆண்டுக் கணக்கு. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர்தானே. பத்திரம், நோட்டீசு, ஏனத்தில் வெட்டும் பெயர் எல்லாம் கொல்லம் கணக்கில்தான் நடந்தன. 825-ஐக் கூட்டினால் 1930 வாக்கில் வருகிறது. பெரும்பாலும் உங்கள் பாட்டியின் கல்யாணச் சீராக இருக்கும், அப்பாவிடம் கேளுங்கள். விளிம்பில் ஒரு பெயரோ தலைப்பெழுத்தோ கூடவே வெட்டியிருக்கும், புளி போட்டுத் தேய்த்தால் தெளியும்.

பழசு என்று ஊருக்குள் சொன்னால் வேறொரு கூட்டம் வரும். "ஏனத்தில் இரிடியம் இருக்கு, அரிசியை இழுக்கும், கோடிக்குப் போகும், சோதனைச் செலவுக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள்" என்பார்கள். அரிசியை இழுக்கிற உருளி உலகத்தில் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் இந்த ஒரே கதையைச் சொல்லி எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் கறந்திருக்கிறார்கள். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறோம் என்று வருகிற போன் அழைப்பும் அதே ரகம். அதைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது. வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பூஜை அறையில் பழைய விக்கிரகமோ ஓலைச்சுவடியோ இருந்தால் மட்டும் நிறுத்தி நிதானிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய சிலை, ஓவியம் போன்றவை தொல்பொருள். சுவடிக்கு எழுபத்தைந்து வருடமே போதும். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சிலை என்றால் தொல்லியல் துறையில் பதிவு இருக்க வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் யாருக்கும் விற்காமல் துறைக்கு எழுதிக் கேளுங்கள். சுவடியைக் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கோ சென்னையில் அரசுக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ கொடுத்தால் பூச்சியிடமிருந்து தப்பும். எடைக்குப் போட்ட சுவடிக் கட்டுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

உருளிக்கு வருகிறேன். அது வெண்கல வார்ப்பாக இருந்தால், ஓட்டுருளி என்று சொல்லி மலைக்கு அந்தப் பக்கத்தார் ஆசையாக வாங்குவார்கள். ஆலப்புழை மாவட்டத்து மான்னாரில் இன்றும் வார்க்கிறார்கள், புதியதன் விலையைத் தெரிந்துகொண்டால் பழையதற்கு எவ்வளவு கேட்கலாம் என்று பிடிபடும். விஷுவுக்குக் கனி வைப்பது உருளியில். தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட வீட்டு வாசலிலும் ஓட்டல் முகப்பிலும் வைப்பது உருளி. இதை இரும்புக் கடையில் உடைத்து எடைக்குப் போடுவது பெரிய நஷ்டம். ஒரு விஷயம், காலம் பார்த்து விற்க வேண்டும். நமக்கு ஆடி எப்படியோ அவர்களுக்குக் கர்க்கடகம் அப்படி, நல்ல காரியத்துக்கு வாங்குகிறவர்கள் கை மடக்கிக்கொள்வார்கள். சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, பிறந்து ஓணம் நெருங்கும்போதுதான் கை நீளும். உருளியைக் கோவைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நம்பிக்கையான உறவுக்காரர் வீட்டில் வையுங்கள். ஆவணியில் புனலூர், கொல்லம் பக்கம் நான்கு பேருக்குப் படம் அனுப்புங்கள். அவசரத்துக்கு விற்கும் பொருள் அது இல்லை.

பத்தாயத்துக்கு மட்டும் இடம்தான் பிரச்சினை. எந்த மரம் என்று ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் கூலி வீண் போகாது. தேக்கோ, ஈட்டியோ, பலாவோ, அயனியோ என்பதைப் பொறுத்து விலை தலைகீழாக மாறும். பத்தாயத்தை அப்படியே கேட்கிறவர்கள் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலும் கொச்சி மட்டாஞ்சேரியிலும் பழம்பொருள் கடை வைத்திருக்கிறார்கள். படத்தோடு நீளம், அகலம், உயரம் எழுதி அனுப்பினால் ஏற்றுக்கூலி போக என்ன தேறும் என்று சொல்லிவிடுவார்கள். பலகையாகப் பிரித்து விற்பதைக் கடைசி வழியாக வையுங்கள். பீரோ இரண்டையும் ஆனிக்குள் தள்ளிவிடப் பாருங்கள், ஆடியில் கேட்க ஆள் இருக்காது. தையல் மெஷின் ஓடுகிறது என்றால் உங்கள் தெருவில் தைக்கிற பெண்களிடம் முதலில் சொல்லுங்கள், இரும்புக் கடைக்காரன் தருவதைவிட நிச்சயம் கூடத் தருவார்கள்.

இப்போது சேலை. விற்பது பாவம் என்று எந்தச் சாத்திரமும் எனக்குச் சொன்னதில்லை, தங்கச்சி. நீங்களும் உடன்பிறந்தவர்களும் உட்கார்ந்து யாருக்கு எது வேண்டும் என்று முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சித்தி, அத்தை, அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண் இவர்களுக்கும் கேட்டுக் கொடுங்கள். மீதியைத்தான் விற்கப் போகிறீர்கள். இதை முதலில் செய்துவிட்டால் சொந்தக்காரர்கள் வாயும் அடங்கும், உங்கள் மனசும் அடங்கும்.

பட்டு ஒன்பதில் பழையவற்றின் மதிப்பு சரிகையில் இருக்கிறது. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. முந்தானை ஓரத்தில் ஒரே ஒரு இழையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல், வெள்ளை நூல் தெரிந்தால் போலி. "பழைய பட்டுச் சேலை வாங்குகிறோம்" என்று போர்டு போட்டிருப்பவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள், எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். அன்றைய வெள்ளி விலையைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு, குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வீட்டு வாசலில் வந்து கேட்பவரிடம் சேலையைக் கையில் கொடுத்து உள்ளே தண்ணீர் எடுக்கப் போகாதீர்கள். கிழியாத, கட்டக்கூடிய பட்டை எரிக்கக் கொடுக்க எனக்கு மனசு வராது. கட்டுகிறவர்களுக்கு விற்றால் விலையும் நன்றாக வரும், அம்மா சேலை யாரோ ஒரு பெண்ணின் மேல் இருக்கும். அம்மாவிடம் கசவு என்கிற சரிகைக் கரை போட்ட கேரளத்துச் செட்டு முண்டு இருந்தால், துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து வையுங்கள். ஓணத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் பாதி விலையில் கிடைத்தால் பறந்துவந்து வாங்குவார்கள்.

மற்ற சேலைகளில் பெரிய காசு இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பாத்திரக்காரரிடம் போட்டால் ஒரு கூடைத் துணிக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம் தேறும். நைந்த பருத்திச் சேலையை லாரி ஷெட்டிலும் பெயின்டர்களும் துடைக்க வாங்குவார்கள், எடைக் கணக்குத்தான். நன்றாக இருக்கும் பருத்திச் சேலைகளைத் துவைத்து, கிழிசல் பார்த்து, முதியோர் இல்லத்துக்குக் கொடுங்கள். இரண்டு மெல்லிய பழஞ்சேலையை மட்டும் எடுத்து வையுங்கள், வீட்டில் பிள்ளை பிறந்தால் தூளி கட்ட அதைப்போல் ஒன்று கடையில் கிடைக்காது.

வீல்சேரையும் தண்ணீர் மெத்தையையும் விற்க முயன்றால் அடிமாட்டு விலைதான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் சேவையைக் கேரள அரசு 2008-இல் கொள்கையாகவே ஏற்று, ஊராட்சிகள் வழியாக நடத்திவருகிறது. இந்தச் சாமான்கள் அங்கே ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் தெரிந்தவர் இருந்தால் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். நம் ஊரிலேயே தேவைப்படும் வீடு தெரிந்தால் அங்கே கொடுங்கள்.

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழு எதில் போட்டாலும் காலை வெளிச்சத்தில் திண்ணையில் வைத்துப் படம் எடுங்கள். துரு, கீறல், நெளிசல் எல்லாவற்றையும் தனியாகப் படம் எடுத்துப் போடுங்கள், வந்து பார்த்து விலை குறைக்க இடம் இருக்காது. வீட்டு விலாசத்தையும், "அம்மா இறந்துவிட்டார்கள், வீடு காலி" என்பதையும் எழுத வேண்டாம். போனில் ஒருவர் பொருளைப் பார்க்காமலே கேட்ட விலைக்குச் சம்மதித்து, ராணுவத்தில் இருக்கிறேன் என்று அடையாள அட்டை அனுப்பி, "இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வரும்" என்றால் உடனே போனை வையுங்கள். பணம் வருவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை, பின் போட்டால் பணம் போகும். இதை அப்பாவிடமும் சொல்லி வையுங்கள். தவறிப் போட்டுவிட்டால் வெட்கப்படாமல் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

ஸ்கூட்டரைப் புனலூர்க்காரர், கொல்லத்துக்காரர் யாராவது கேட்டு வருவார்கள். கொடுக்கலாம், ஆனால் ஆர்.சி.யையும் கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளையும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அடுத்த மாநிலத்துக்கு வண்டி போகிறது என்றால் தென்காசி ஆர்.டி.ஓ.வில் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வண்டி இதே மாநிலத்துக்குள் கைமாறினால் 14 நாளில், வேறு மாநிலத்துக்குப் போனால் 45 நாளில் விற்பவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெயர் மாறாத வண்டி அங்கே விபத்துக்குள்ளானால் கோவையில் இருக்கும் அப்பாவுக்குச் சம்மன் வரும். வயதான காலத்தில் அவர் கொல்லம் கோர்ட்டுக்கு நடக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜை மெக்கானிக்கிடம் கேளுங்கள், இரும்புக் கடைக்கு வேண்டாம். இன்வெர்ட்டர் இருந்தால் பழைய பேட்டரியைப் பேட்டரி கடையிலேயே கொடுங்கள், ஈயத்துக்கு விலை உண்டு. கேஸ் சிலிண்டர் நம் சொத்தே இல்லை. இணைப்புச் சீட்டையும் ரெகுலேட்டரையும் சேர்த்து ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் பணம் திரும்பக் கிடைக்கும், அதை யாருக்கும் விற்கக் கூடாது. பழைய போனை விற்றால் சிம்மும் மெமரி கார்டும் எடுத்து, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்த பிறகு கொடுங்கள். அம்மா பேசிய குரல் பதிவும் படங்களும் அதில் இருந்தால் முதலில் வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள், இதை மறந்துவிட்டு என் கடைக்கு ஓடி வந்தவர்கள் உண்டு.

விலை பேசுவதை அப்பா எதிரில் வைக்க வேண்டாம், திண்ணையில் பேசுங்கள். ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்பதை அவரிடம் சொல்லாமல் ஒரு கரண்டியைக்கூட வெளியே விடாதீர்கள். அவர் தினமும் உட்காரும் நாற்காலியையும் படுக்கும் கட்டிலையும் கடைசி லாரியில் ஏற்றுங்கள், முடிந்தால் நாற்காலி கோவைக்கே வரட்டும். உருளியில் 1105-க்குப் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று தேய்த்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.